களிமண் இலக்குச் சுடுதலுக்குப் பழைய துப்பாக்கிகளைத் தகவமைத்தல்

களிமண் இலக்குச் சுடுதலுக்குப் பழைய துப்பாக்கிகளைத் தகவமைத்தல் என்பது, முற்காலத்தில் வேட்டைக்கெனச் செய்யப்பட்ட சிதறுதுப்பாக்கிகளைச் சோதித்து, பழுது நீக்கி, எறிபொறியால் வானில் வீசப்படும் தட்டுகளைச் சுட்டு உடைக்கும் விளையாட்டுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கும் பணியாகும். சிதறுதுப்பாக்கி ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகப் பல சிறிய ஈய ரவைகளை ஒருசேர வெளியேற்றும் சுடுகலன் ஆகும். இரட்டைக் குழல் துப்பாக்கி என்று பொதுவழக்கில் அறியப்படுவது இவ்வகையைச் சேர்ந்ததே.

இப்பணியில் பாதுகாப்பு, பொருத்தம் என்ற இரண்டு வேறுபட்ட கேள்விகள் அடங்கியுள்ளன. நூறாண்டுகளுக்கு முன்னர் செய்யப்பட்ட குழல் இன்றைய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குமா என்பது முதற் கேள்வி. தாங்குமெனில், ஒரு நாளில் நூறு முறைக்கு மேல் சுடும் விளையாட்டுக்கு அத்துப்பாக்கியின் எடையும் வடிவமும் ஒத்துவருமா என்பது அடுத்த கேள்வி. முதற் கேள்விக்கு விடை கிடைக்கும் முன்னர் இரண்டாவதற்காகச் செலவு செய்வது வீண்.

விளையாட்டின் பின்னணி

களிமண் இலக்கு என்ற பெயர் இன்று பொருந்தாத பெயராகும். 19 ஆம் நூற்றாண்டில் கூண்டிலிருந்து விடுவிக்கப்படும் உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடைபெற்றன. 1900 ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த ஒலிம்பிக்கின்போதும் இத்தகைய போட்டி இடம்பெற்றது. புறாக்களுக்கு மாற்றாக முதலில் கண்ணாடி உருண்டைகள் பயன்பட்டன. 1880 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்சுக்கி என்பவர் சுட்ட களிமண்ணால் ஆன தட்டை அறிமுகப்படுத்தினார். அத்தட்டுகள் மிகக் கடினமாக இருந்தமையால், ரவை பட்டும் உடையாமல் போவதுண்டு. பின்னர் கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த தட்டுகள் வழக்கிற்கு வந்தன. ஏறத்தாழ 110 மிமீ விட்டமும் 105 கிராம் எடையும் கொண்ட இன்றைய தட்டில் களிமண் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. "களிமண் புறா" என்ற வழக்கும் இவ்வாறு வந்ததே.

இவ்விளையாட்டில் பல வகைகள் உள்ளன. டிராப் வகையில் தட்டு சுடுபவரிடமிருந்து விலகிப் பறக்கும். ஒலிம்பிக் முறையில் எறிபொறி சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னே நிலத்தடிக் குழியில் இருக்கும். தட்டு பொறியிலிருந்து 76 மீட்டர் வரை செல்லுமாறு வீசப்படும். ஆகவே தட்டு உடையும் தொலைவு பெரும்பாலும் 30 மீட்டருக்கு மேலாகும். ஸ்கீட் வகையில் இரு கோபுரங்களிலிருந்து தட்டுகள் குறுக்கே பறக்கும். அவை ஏறத்தாழ 20 மீட்டரில் சுடப்படும். இவ்வகை 1920 ஆம் ஆண்டளவில் மாசசூசெட்சின் ஆண்டோவர் என்ற ஊரில் சார்ள்சு டேவிசு என்பவரால் உருவாக்கப்பட்டது. பறவை, முயல் ஆகியவற்றின் ஓட்டத்தை ஒத்துப் பல கோணங்களில் தட்டுகளை வீசும் ஸ்போர்ட்டிங் வகை இங்கிலாந்தில் பெரிதும் விரும்பப்படுகின்றது. ஒரு பழைய துப்பாக்கி எந்த வகைக்கு ஏற்றது என்பதை இத்தொலைவுகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

குழலின் வலுவை அறிதல்

குழலின் துளையளவு இந்தியாவில் "போர்" என்றும் அமெரிக்காவில் "கேஜ்" என்றும் சொல்லப்படுகின்றது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றில் ஒன்று எக்குழலுக்குள் சரியாக அமையுமோ அதுவே 12 போர். அதன் விட்டம் 0.729 அங்குலம், அதாவது 18.5 மிமீ. எண் கூடக் கூடக் குழல் சிறிதாகும்.

பிரித்தானியத் துப்பாக்கிகளில் குழலின் வலுவை அறிய முதலில் நோக்க வேண்டியவை வலுச்சோதனை முத்திரைகளே. வழக்கமான அழுத்தத்தைவிடக் கூடிய அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, குழல் தாங்குகின்றதா எனப் பார்த்து முத்திரையிடும் நிலையங்கள் இலண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ளன. பர்மிங்காம் நிலையம் 1813 ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. முத்திரைகள் குழலின் அடிப்புறத்தில், துப்பாக்கியைப் பிரித்தால் மட்டுமே தெரியும் இடத்தில் இருக்கும். கருவெடிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா, புகையற்ற வெடிமருந்துக்கும் சோதிக்கப்பட்டதா என்பதை அவை காட்டுகின்றன. 1954 ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின்னர் தோட்டா அறையின் நீளமும், தாங்கக்கூடிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்பதும் பொறிக்கப்பட்டன. ஐக்கிய இராச்சியம் 1980 இல் பன்னாட்டு வலுச்சோதனை ஆணையத்தில் சேர்ந்த பின்னர் முத்திரை முறை மீண்டும் மாறியது. பெல்ஜியத்தின் லீச் நகரிலும் செருமனியிலும் செய்யப்பட்டவற்றில் அந்நாடுகளின் முத்திரைகள் காணப்படும். அமெரிக்காவில் அரசு வலுச்சோதனைச் சட்டம் இல்லை. செய்த நிறுவனமே சோதித்துக்கொண்டது.

முத்திரை ஒரு காலத்தின் சான்று மட்டுமே. அதன் பின் குழலின் உட்புறம் அரிப்பெடுத்திருக்கலாம்; அரிப்பை நீக்க எவரோ உட்புறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கலாம்; ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் குறையும். 1954 விதிகளின்படி .729 எனப் பொறிக்கப்பட்ட குழல், அளக்கும்போது .740 ஆகிவிட்டால் அதன் முத்திரை செல்லாது. பிரித்தானியாவில் அத்தகைய துப்பாக்கியை விற்பது குற்றமாகும். துளையைப் போலவே சுவரின் தடிப்பும் அளக்கப்பட வேண்டும். குழலின் மெல்லிய இடத்தில் ஏறத்தாழ 0.5 மிமீ இருப்பதைக் கம்மியர்கள் நடைமுறையில் கீழெல்லையாகக் கொள்கின்றனர். உட்புறம் கண்ணாடிபோல் மின்னும் குழலைக் கண்டு மகிழ்வதைவிட, அந்த மின்னல் எவ்வளவு உலோகத்தின் விலையில் கிடைத்தது என்று கேட்பதே அறிவுடைமை.

இரும்பு, எஃகுக் கம்பிகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்யப்பட்ட தமாசுக்கசுக் குழல்கள் தனிக் கவனத்துக்குரியவை. மேற்பரப்பில் அழகிய அலைக்கோலங்கள் தெரியும் இவை, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழு எஃகுக் குழல்களுக்கு வழிவிட்டன. அமெரிக்காவில் இவற்றில் இன்றைய தோட்டாக்களைச் சுடவே கூடாது என்பது பொது அறிவுரை. பிரித்தானியாவிலோ புகையற்ற வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டு, அளவுகள் குறையாத தமாசுக்கசுக் குழல்கள் மென்மையான தோட்டாக்களுடன் இன்றும் பயன்படுகின்றன. இரு நாடுகளின் கருத்து வேறுபாட்டுக்கு உலோகத்தைவிட, சோதித்துச் சான்று தரும் நிலையம் ஒன்று இருப்பதும் இல்லாததுமே பெருங்காரணம்.

தோட்டா அறையின் நீளம்

பழைய துப்பாக்கிகளில் நிகழும் தவறுகளில் அறியாமல் செய்யப்படுவது பெரும்பாலும் இதுவே. பிரித்தானிய 12 போர் வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை நீளம் 65 மிமீ (இரண்டரை அங்குலம்). இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மிமீ ஆகும். ஆனால் தோட்டாவின் மேல் அச்சிடப்படும் நீளம், சுட்ட பின்னர் அதன் மடிந்த வாய் முழுதும் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடப்படாத 70 மிமீ தோட்டா 60 மிமீக்கும் குறைவாக இருக்கக்கூடும். எனவே அது 65 மிமீ அறையினுள் எந்தத் தடையுமின்றி நுழையும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது விரியும் வாய், அறைக்கு முன்னுள்ள கூம்புப் பகுதிக்குள் நீண்டு வழியைக் குறுக்கும். தக்கையும் ரவையும் அந்தக் குறுகிய வாயின் ஊடாகப் பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் அழுத்தம் உயரும். "உள்ளே நுழைகிறது, ஆகவே பொருந்துகிறது" என்ற முடிவு இங்கு செல்லாது.

அறையை 70 மிமீக்கு நீட்டிக் குடைவது ஒரு தீர்வு. ஆயினும் அழுத்தம் மிகுந்த இடத்திலேயே உலோகம் நீக்கப்படுவதால், பிரித்தானியாவில் அதன் பின் மறுபடியும் வலுச்சோதனை செய்ய வேண்டும். அச்சோதனையில் துப்பாக்கி தோற்றுப் போகவும் கூடும். மெல்லிய குழல்கள் கொண்ட துப்பாக்கியின் உடைமையாளருக்கு எளிய வழி, 65 மிமீ அறைக்கெனச் செய்யப்படும் தோட்டாக்களை வாங்குவதே. அவை இன்றும் உற்பத்தியாகின்றன. சற்று விலை கூடுதல், அவ்வளவே. பழைய 16 போர் துப்பாக்கிகளிலும், அமெரிக்காவில் செய்யப்பட்டவை உட்பட, குறுகிய அறைகள் உள்ளன என்பதால் அவற்றையும் அளந்தே அறிய வேண்டும்.

தோட்டா பற்றிய மற்றொரு ஆபத்தும் இங்கு குறிப்பிடத்தக்கது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று கூம்புப் பகுதியில் தங்கிவிடும். பின்னால் 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் செய்யப்படுவது இக்காரணம் பற்றியே. குடும்பத்தில் இரு அளவுத் துப்பாக்கிகளும் இருக்குமானால், ஒரே சட்டைப்பையில் இரண்டு வகைத் தோட்டாக்களையும் போட்டுக்கொள்வது தவிர்க்கப்பட வேண்டும்.

குழல்முனை ஒடுக்கம்

குழலின் முனை சற்றே ஒடுங்கியிருந்தால் ரவைகள் நெருங்கிச் செல்லும். இவ்வொடுக்கம் சோக் எனப்படும். நியூகாசிலைச் சேர்ந்த வில்லியம் பேப் 1866 ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமை பெற்றார், பர்மிங்காமின் வி. வி. கிரீனர் 1870களின் நடுவில் இதனைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். 12 போர் குழலில் முழுச் சோக் என்பது ஏறத்தாழ 1 மிமீ ஒடுக்கம்தான். அரைச் சோக் 0.5 மிமீ, கால் சோக் 0.25 மிமீ. இவ்வளவு சிறிய வேறுபாடு தரும் விளைவோ பெரிது: 40 கெசத் தொலைவில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் ரவைகள், ஒடுக்கமற்ற குழலில் ஏறத்தாழ 40 விழுக்காடு, முழுச் சோக்கில் 70 விழுக்காடு. 20 கெசத்தில் முன்னதன் பரவல் ஏறத்தாழ 80 செமீ அகலம், பின்னதன் பரவல் அதில் பாதி.

பழைய வேட்டைத் துப்பாக்கிகளில், சிறப்பாக அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கெனச் செய்யப்பட்டவற்றில், முழுச் சோக் மிகுதி. டிராப் வகைக்கு இது குறையன்று. ஸ்கீட் தட்டுக்கோ இது ஊசியால் ஈயைக் குத்துவதற்கு ஒப்பாகும். மேலும், கம்பளித் தக்கை இருந்த காலத்தில் அமைக்கப்பட்ட சோக், ரவைகளைக் கிண்ணம்போல் ஏந்திச் செல்லும் இன்றைய நெகிழித் தக்கையுடன் முன்னைவிட நெருக்கமான பரவலைத் தருகின்றது. எனவே, கம்மியரிடம் கொடுத்துச் சோக்கைத் தேய்த்து விரிக்கும் முன்னர், கம்பளித் தக்கைத் தோட்டாக்களைக் கொண்டு தாளில் சுட்டுப் பார்ப்பது நன்று. பல வேளைகளில் தோட்டாவை மாற்றினாலே போதுமானதாகிவிடும். குழல்முனையில் திருகி மாட்டும் சோக்குகளையும் பொருத்தலாம். மெல்லிய பழைய குழல்களுக்கென மெல்லிய சுவருள்ள சோக்குகளைப் பிரித்தானியாவின் டீக் நிறுவனம் செய்து புகழ்பெற்றது. விரித்த சோக்கில் மீண்டும் உலோகத்தைச் சேர்க்க முடியாது என்பதால் அவசரம் இதில் உதவாது.

எஃகு ரவை இச்சிக்கலை மேலும் கடினமாக்கியுள்ளது. ஈயத்தின் நச்சுத்தன்மை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 பெப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈய ரவையைத் தடுத்தது. எஃகு ஈயம்போல் நசுங்காது. ஆகவே ஒடுங்கிய சோக்கையும் மென்மையான பழைய குழலையும் கெடுக்கக்கூடும். பிசுமத்து ரவை பழைய குழல்களுக்குத் தீங்கற்றது. எனினும் நாளொன்றுக்கு நூறு தட்டுகளைச் சுடுபவருக்கு அதன் விலை கட்டுபடியாகாது.

கட்டையைப் பொருத்துதல்

சிதறுதுப்பாக்கியில் பின்புறக் குறிகாட்டி கிடையாது. சுடுபவரின் கண்ணே அப்பணியைச் செய்கின்றது. கண் எங்கு அமையும் என்பதைக் கன்னம் பதியும் கட்டையின் மேல்விளிம்பு முடிவு செய்கின்றது. விளிம்பு தாழ்ந்திருந்தால் கண்ணும் தாழும். ரவைகள் இலக்குக்குக் கீழே செல்லும். 1900 ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட அமெரிக்கத் துப்பாக்கிகளின் கட்டைகள் பின்முனையில் 3 அங்குலம்வரை தாழ்ந்தவை. தலையை நிமிர்த்திச் சுடும் அக்கால வழக்கத்துக்கு அவை ஏற்றவை. இன்றைய டிராப் துப்பாக்கிகளில் இத்தாழ்வு 2 அங்குலத்துக்கும் குறைவு. தட்டு மேலெழுந்து பறப்பதால், குறியைவிடச் சற்று உயரே சுடும் துப்பாக்கியையே டிராப் சுடுபவர்கள் விரும்புகின்றனர்.

எவ்வளவு உயர்த்துவது என்பதை அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. கண்ணிலிருந்து குழல்முனை வரை ஏறத்தாழ ஒரு கெசம். எனவே 16 கெசத் தொலைவிலுள்ள தாளில் ஒரு புள்ளியை நோக்கி இயல்பாகத் தூக்கிச் சுடும்போது ரவைத்திரளின் நடுவம் ஓர் அங்குலம் விலகியிருந்தால், கட்டையில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் திருத்த வேண்டும். நான்கு அங்குலம் கீழே விழுந்தால் கால் அங்குலம் உயர்த்த வேண்டும். பக்கவாட்டு விலகலுக்கும் இக்கணக்கே. ஒரு முறை சுட்டு முடிவெடுக்காமல், ஐந்தாறு முறை சுட்டுச் சராசரி காண்பது வழக்கம்.

உயர்த்துவதற்கு மலிவான வழி, ஒட்டுப்பட்டைகளையோ, கயிற்றால் கட்டும் தோல் உறையையோ கட்டையின் மேல் பொருத்துவது. விருப்பப்படி நீக்கிவிடக்கூடிய இவ்வழியில் சில வாரங்கள் சுட்டுப் பார்த்த பின்னரே நிலையான மாற்றங்களை நாட வேண்டும். வாதுமை மரக் கட்டையின் கழுத்தைச் சூடான ஆளி விதை எண்ணெயால் இளக்கி வளைப்பது கம்மியர்களின் பழைய கலையாகும். மரம் சில மாதங்களில் ஓரளவு பழைய நிலைக்கே மீள்வதும், வெடிப்புற்ற மரம் முறிந்துவிடுவதும் உண்டு. நீளம் குறைந்த கட்டைக்குப் பின்முனையில் இரப்பர் மெத்தை பொருத்தினால் நீளமும் கூடும், அதிர்வும் தணியும்.

பின்னுதைப்பு

வேட்டையில் ஒரு காலைப்பொழுதில் பத்துமுறை சுட்டால் அதிகம். ஒலிம்பிக் டிராப் தகுதிச் சுற்றிலோ 125 தட்டுகள். 2.9 கிலோகிராம் எடையுள்ள வேட்டைத் துப்பாக்கி எடுத்துச் செல்ல இனிது, தொடர்ந்து சுடக் கொடிது. 28 கிராம் ரவை வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, தக்கையையும் வளிமத்தையும் சேர்த்து மொத்த உந்தம் ஏறத்தாழ 14 அலகுகள் (கிலோகிராம் மீட்டர்/வினாடி) எனக் கொள்ளலாம். 2.9 கிகி துப்பாக்கி அதனால் பெறும் ஆற்றல் ஏறத்தாழ 35 சூல், 3.6 கிகி எடையுள்ள போட்டித் துப்பாக்கி பெறுவது 28 சூல். ஆனால் இலகுவான துப்பாக்கியிலேயே 24 கிராம் தோட்டாவைப் பயன்படுத்தினால் ஆற்றல் 27 சூலாகக் குறைகின்றது. அதாவது, கட்டைக்குள் ஈயம் நிரப்பித் துப்பாக்கியின் சமநிலையைக் கெடுப்பதைவிட, ரவையில் நான்கு கிராமைக் குறைப்பது அதே பயனைத் தருகின்றது. பன்னாட்டு விதிகள் அனுமதிக்கும் மேலெல்லையும் 24 கிராமே என்பதால் இதில் இழப்பேதும் இல்லை.

இயங்குபகுதிகள்

குழல் மடங்கும் துப்பாக்கியில் கீல் அச்சு தேய்ந்தால், குழலின் பின்முகத்துக்கும் அதனைத் தாங்கும் எஃகுச் சுவருக்கும் இடையே இடைவெளி தோன்றும். முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மெல்ல ஆட்டினால் கலகலப்பை உணரலாம். இது போட்டிக்கு முன் கட்டாயம் சரிசெய்யப்பட வேண்டிய குறை.

வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காப்புப் பொத்தான் தானாகவே பூட்டிக்கொள்ளும். காட்டில் இது நல்ல ஏற்பாடு. தட்டு பறந்துகொண்டிருக்கும் வேளையில் விசை அசையாமல் போனால் அந்தப் புள்ளி இழப்பே. ஆதலால் தானியங்கும் பகுதியை மட்டும் கம்மியர் நீக்கித் தருவார்; பொத்தான் கையால் இயங்கும். களத்தில் சுடும் முறை வரும்வரை துப்பாக்கி மடக்கித் திறந்தே வைக்கப்படுவதால் பாதுகாப்புக்குக் குறைவில்லை.

பிரவுனிங் ஆட்டோ-5 போன்ற பழைய தானியங்கிகளில் வேறொரு சிக்கல் எழும். இதில் குழலே பின்னோக்கி நகர்ந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகின்றது. கனமான தோட்டாவுக்கென உராய்வு வளையங்கள் அமைக்கப்பட்டிருந்தால், 24 அல்லது 28 கிராம் தோட்டா குழலைப் போதிய தூரம் தள்ளாது, வெறுங்கூடு சிக்கிக்கொள்ளும். முன்கட்டையைக் கழற்றி, எஃகு வளையத்தைச் சுருள்வில்லின் முன்முனையிலிருந்து எடுத்து அதன் அடியில் இட்டால் இலகுவான தோட்டாவுக்கு ஏற்ற அமைப்பாகிவிடும். மாறாக, கனத்த தோட்டாக்களை இவ்வமைப்பில் சுட்டால் முன்கட்டை பிளக்கும். பழைய ஆட்டோ-5 துப்பாக்கிகளில் வெடித்த முன்கட்டைகள் மலிந்திருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

குழல் முற்றிலும் கெட்ட நிலையில்

குழல்கள் தேறாதவையாயினும் பூட்டும் கட்டையும் நன்றாக இருந்தால், பழைய குழல்களைப் பின்முனைக்கு அருகே வெட்டி, எஞ்சிய அடிப்பகுதிக்குள் புதிய குழல்களைச் செருகிப் பொருத்தும் முறை ஒன்று பிரித்தானியாவில் உண்டு. அவ்வாறு செய்தவை மீண்டும் வலுச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, செருகு குழல் உடையவை என்ற குறிப்பு பொறிக்கப்படும். புதிய குழலில் 70 மிமீ அறை, விரும்பிய சோக் அனைத்தும் கிடைக்கும். சேகரிப்பாளர்களிடம் விலை வீழும். சுடுபவருக்கு அது பொருட்டன்று. பர்டி, பாசு போன்ற புகழ்பெற்ற இலண்டன் பட்டறைகளின் துப்பாக்கி கெடாத நிலையில் இருந்தால், அதனைத் தட்டுச் சுடுதலுக்காக வெட்டுவதும் குடைவதும் பொருந்தாச் செயலென்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். அத்தகையவற்றை உள்ளபடியே கொண்டுவந்து சுடுவதற்கென இரட்டைக் குழல் போட்டிகள் தனியே நடத்தப்படுகின்றன.

இந்தியாவில்

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 இல் வந்த பின்னர், இந்தியாவில் முந்தைய தலைமுறைகளின் வேட்டைத் துப்பாக்கிகள் பல பயனற்று முடங்கின. அவற்றை மாற்றியமைக்க விரும்புவோர் 1959 ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். அதன்படி சுடுகலன்களைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கு உரிமம் தேவை. உரிமமின்றிக் குழலைக் குறுக்குவது குற்றம். ஆகவே சோக்கை நீக்கக் குழல்முனையை வெட்டிவிடும் பழைய குறுக்குவழி இங்கு பொறியியல் பிழையோடு சட்டப் பிழையும் ஆகும்.

களிமண் இலக்குச் சுடுதலில் பிக்கானேர் அரச குடும்பத்தின் கர்ணி சிங் 1962 உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். இராச்சியவர்தன் சிங் ராத்தோர் 2004 ஏதென்சு ஒலிம்பிக்கின் இரட்டை டிராப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிசு ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் பங்கேற்றார். இன்று இந்நிலைப் போட்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல்கள் அமைந்த, இவ்விளையாட்டுக்கெனவே செய்யப்பட்ட துப்பாக்கிகளே பயன்படுகின்றன. தகவமைக்கப்பட்ட பழைய துப்பாக்கிகளுக்குரிய இடம் கழகங்களின் வார இறுதிப் பயிற்சிக் களங்களே.